கரண்ட் போய் வந்ததும் கிளம்பாத பழைய கம்ப்யூட்டர்

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே, கரண்ட் போய் வந்ததிலேருந்து உசுரே இல்ல." பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்து கரண்ட் வந்த வாரம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ரிப்பேர் மேசை நிறைய இதே கேஸ்தான். முதல் இரண்டுக்கு "மதர்போர்டு போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவதில்தான் மீட்டரை எடுத்தேன்.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ்ஸின், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின், ஒரு சின்னப் பகுதி வேலை செய்துகொண்டே இருக்கும். ஊதா ஒயரில் 5 வோல்ட் தருவது அதுதான். அது இல்லாவிட்டால் பவர் பட்டனுக்கு மதிப்பில்லை. வருஷக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து அதிலுள்ள கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளை, வறண்டுபோகும். கிழட்டு மாடு மாதிரி: நிற்கிற வரை நிற்கும், ஒருதரம் படுத்தால் எழுந்திருக்காது. நாலைந்து முறை சுவிட்சைப் போட்டு அணைத்தபின் கிளம்பினால் சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்கே போட்டோ, கணக்கு எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுங்கள்.

முதலில் யு.பி.எஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். பின்பக்கம் சிவப்பாக 115/230 சுவிட்ச் இருந்தால் 230-இல்தான் இருக்க வேண்டும். பையன் நோண்டி 115-க்குத் தள்ளி, பட்டாசு மாதிரி வெடித்த பெட்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முள்ளைக் கறுப்பு ஒயரிலும், சிவப்பு முள்ளை மதர்போர்டு கனெக்டரின் பின்பக்கமாக ஊதா ஒயரிலும் வைத்தால் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்தான் போயிருக்கும்.

காட்டினால் சுவர் சுவிட்சை அணைத்து, எல்லா கனெக்டர்களையும் கழற்றுங்கள். சுமைக்காகப் பழைய சிடி டிரைவ் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு, பெரிய கனெக்டரில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துச் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். கெட்டுப்போன எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் ஃபேன் சுற்றும். மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வோல்ட், இதற்குள் இருக்கிறதா என்று அளந்துதான் பேச வேண்டும். இங்கே சரியாகக் காட்டி, மதர்போர்டில் மாட்டியதும் இறங்குவதும் உண்டு. ஆகவே மாட்டியும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் மெஷின்களில் இன்னொன்று பார்ப்பேன். உப்புக் காற்றில் கனெக்டர் பின்களில் களிம்பு ஏறியிருக்கும். சிலது கழற்றி மாட்டினாலே உயிர் வந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

புதிது வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். பென்டியம் 3 காலத்து மெஷின்கள் 5 வோல்ட்டில்தான் அதிகம் இழுக்கும்; இப்போது வரும் எஸ்.எம்.பி.எஸ்கள் 12 வோல்ட்டைத்தான் தாராளமாகத் தருகின்றன. லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பழையதோடு ஒப்பிடுங்கள். பழைய போர்டுக்கு 20 பின் போதும், 24 பின்னில் நாலைத் தனியாகப் பிரிக்க வருகிறதா என்றும் பாருங்கள்.

அந்த முதல் இரண்டு பேருக்கும் மறுநாளே போன் போட்டேன். ஒருவர் மெஷினைத் திரும்பக் கொண்டுவந்தார், எஸ்.எம்.பி.எஸ் மாற்றியதும் ஓடியது. இன்னொருவர் அதற்குள் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டிருந்தார்.