கடையில் ‘சக்கர்’ என்று தருவது எந்த மீன்? முதுகுத் துடுப்பை எண்ணிக் கண்டுபிடியுங்கள்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையோ, உங்கள் தெருமுனைக் கடையோ, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும் மீன் எதுவானாலும் அதற்குப் பெயர் சக்கர்தான். அந்த ஒரே பெயரில் குறைந்தது நான்கு வகை மீன்கள் விற்பனையாகின்றன. 5 செ.மீ. குட்டியாக இருக்கும்போது செயில்ஃபின், பிரிஸ்டில்நோஸ் என்ற இரண்டு ப்ளெக்கோ (சக்கர் கெளுத்தி) வகைகளும் பழுப்பு நிறத்தில், புள்ளியோடு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வளர்ந்த பிறகு பிரிஸ்டில்நோஸ் 12 முதல் 15 செ.மீ.யில் நின்றுவிடும், 80, 100 லிட்டர் தொட்டி அதற்குப் போதும். செயில்ஃபின் 40 செ.மீ. வரை போகும், 5 அடி நீளத் தொட்டிகூட அதற்குச் சுமாரான இடம்தான். ஆகவே மீனைப் பையில் போட்டுக் கட்டச் சொல்வதற்கு முன்பே எது என்று பார்த்துவிட வேண்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். வெள்ளைத் தொட்டியில் இருக்கும் பிரிஸ்டில்நோஸ் வெளுத்துப்போகும். பயந்தால் ஒரே கறுப்பாகிவிடும். புள்ளிகளும் வயதுக்கு வயது மாறும். மாறாதது உடலமைப்பு மட்டுமே.

முதலில், அது கெளுத்திதானா என்று பாருங்கள். சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்று விற்கும் ஜைரினோகைலஸ் கெளுத்தி இனமே அல்ல. தாய்லாந்து, மீகாங் பக்கத்து மீன். மஞ்சள் நிறத்தில் வருவதுதான் கடைகளில் அதிகம். இதன் வாயோரம் மீசை கிடையாது. சக்கர் கெளுத்திகளுக்கு வாயின் ஓரத்துக்கு ஒன்றாக இரு சிறு மீசை உண்டு. ஆல்கே ஈட்டரின் உடலில் இருப்பது சாதாரணச் செதில். ப்ளெக்கோ வகைகளுக்குச் செதில் இல்லை, எலும்புத் தகடுதான் கவசமாக இருக்கும். கண்ணையும் கவனியுங்கள். வெளிச்சத்தில் ப்ளெக்கோவின் கருவிழிக்குள் மேலிருந்து ஒரு மடிப்பு இறங்கி, பாவை குதிரை லாட வடிவில் தெரியும். ஆல்கே ஈட்டரின் பாவை முழு வட்டம். இந்த மீன் வளர்ந்ததும் பாசியை விட்டுவிட்டு ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை மீன்களின் மேல் ஒட்டி அவற்றின் வழுவழுப்பைச் சுரண்டத் தொடங்கும். அமைதியான தொட்டிக்கு இது வேண்டாம்.

கெளுத்திதான் என்று உறுதியானால் அடுத்தது முதுகுத் துடுப்பு. செயில்ஃபினையும் பிரிஸ்டில்நோஸையும் பிரிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

துடுப்பின் முன்பக்கம் தடிமனாக ஒரு முள் இருக்கும். அதை எண்ணக் கூடாது. அதற்கும் முன்னால் அடியில் முடிச்சுபோல் ஒன்று தெரிந்தால் அதையும் விட்டுவிடுங்கள். முள்ளுக்குப் பின்னால் விசிறியாக விரியும் கதிர்களை மட்டும் எண்ணுங்கள். செயில்ஃபின் வகைகளில், அதாவது டெரிகோப்லிக்திஸ் பேரினத்தில், பெரும்பாலும் 10 அல்லது அதற்கு மேல் இருக்கும், சிலவற்றில் 9. பிரிஸ்டில்நோஸ், அதாவது ஆன்சிஸ்ட்ரஸ், 7 கதிர்களோடு நிற்கும். இடையில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் ஒன்று கூடக்குறைய எண்ணிவிட்டாலும் பெரும்பாலும் முடிவு மாறாது.

எண்ணுவதில் வழக்கமாக இரண்டு இடத்தில் தவறு வரும். ஒவ்வொரு கதிரும் நுனியில் இரண்டாக, நான்காகப் பிரியும். நுனியைப் பார்த்து எண்ணினால் 7 என்பது 14 ஆகிவிடும். எனவே துடுப்பு உடலோடு சேரும் அடிப்பகுதியில் எண்ணுங்கள். கடைசிக் கதிர் மட்டும் அடிவரை பிளந்து இரண்டுபோல் தெரியும், அது ஒன்றுதான். 8 என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கதிரை இருமுறை எண்ணியிருப்பீர்கள்.

மீன் துடுப்பை மடக்கி வைத்துக்கொண்டால் எண்ணவே முடியாது. வீட்டில் பார்ப்பதானால் ஒளிபுகும் சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் தொட்டித் தண்ணீரையே 8, 10 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி மீனை விடுங்கள். கறுத்த மீனானால் டப்பாவுக்குப் பின்னால் வெள்ளைத் தாள், வெளிர் மீனானால் கறுப்புத் தாள். போட்டோ எடுக்க முயல்வதைவிட வீடியோ நல்லது: ஃபிளாஷை அணைத்து, போனை டப்பாவின் பக்கத்துக்கு நேராகப் பிடித்து, ஸ்லோ மோஷனில் ஒரு நிமிடம் எடுங்கள். மீன் நகரும்போது துடுப்பு விரியும். அந்த இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கி எண்ணலாம். 10 நிமிடத்துக்கு மேல் டப்பாவில் வைக்காதீர்கள். கடையில் பையில் இருக்கும்போதே பார்க்க வேண்டுமானால் பையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சமநிலைக்காகத் துடுப்பை நிமிர்த்தும்.

வலையால் பிடிப்பதைத் தவிருங்கள். கன்னத்திலும் பக்கத் துடுப்பிலும் உள்ள முட்கள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டால் இழுக்கக் கூடாது. வலையோடு தண்ணீருக்குள் விட்டால் பல நேரம் தானாகவே விடுபடும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நூலைக் கத்தரியுங்கள். வலை போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

எண்ணிக்கைக்குப் பிறகு மூக்கு. பிரிஸ்டில்நோஸ் ஆணுக்கு மூக்கிலும் நெற்றியிலும் கிளைவிட்ட தசை இழைகள் வளரும். பெண்ணுக்கு மூக்கின் ஓரத்தில் மட்டும் குட்டையாக ஒரு வரிசை. சிலவற்றில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. 5 செ.மீ.க்குள் இருக்கும் குட்டிகளுக்கு இரண்டுமே இருக்காது. “மூக்கில் மீசை இல்லை, அதனால் பிரிஸ்டில்நோஸ் இல்லை” என்று கடைக்காரர் சொன்னால் குட்டி விஷயத்தில் அது செல்லாது. அந்த வயதில் பார்க்க வேண்டியது மூக்கு விளிம்பு: பிரிஸ்டில்நோஸுக்கு அங்கே தகடு இல்லாமல் மெத்தென்ற தோல் இருக்கும், செயில்ஃபினுக்கு மூக்கு நுனிவரை சொரசொரப்பு. பல பிரிஸ்டில்நோஸ் குட்டிகளுக்கு முதுகுத் துடுப்பின் நுனியிலும் வாலின் முனைகளிலும் வெள்ளை விளிம்பு தெரியும். இது துணைச் சான்றுதான். கதிர் எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

நிறமி இல்லாத அல்பினோ மீனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சள் உடல், சிவப்புக் கண் என்றாலே பிரிஸ்டில்நோஸ் என்று நினைத்து வாங்குகிறார்கள். செயில்ஃபினிலும் அல்பினோ உண்டு, அதுவும் அதே மஞ்சள், அதே சிவப்புக் கண். புள்ளியும் இல்லாததால் கதிரை எண்ணுவது ஒன்றே வழி.

சக்கர் என்று விற்கும் இன்னொரு சிறு கெளுத்தியான ஓட்டோசின்க்ளஸைக் கண்டுபிடிப்பது எளிது. முழு வளர்ச்சியே 4, 5 செ.மீ.தான், பக்கவாட்டில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு ஓடும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் ப்ளெக்கோக்களுக்கு இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு இதற்கு இல்லை. வாங்கும்போது வயிற்றைப் பாருங்கள்: உள்வாங்கியிருந்தால் பட்டினி கிடந்த மீன், பிழைப்பது கடினம்.

செயில்ஃபின் என்று தெரிந்தபின் அதில் எந்த இனம் என்று பிரிக்க வயிற்றுப் பக்கம் வேண்டும். கண்ணாடியில் ஒட்டும்போது வெளியிலிருந்து படம் எடுத்துவிடலாம். தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் பார்டாலிஸ் பக்கம். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிவதுபோல் வரிகளானால் டிஸ்ஜங்க்டிவஸ் பக்கம். தலைக்குப் பின்னால் மேடு உயர்ந்து, உடலெங்கும் சிறுத்தைபோல் பெரிய திட்டுகள் இருந்தால் கிபிசெப்ஸ். குட்டியில் வயிற்றுக் கோலம் தெளிவாக இராது, 10 செ.மீ. தாண்டட்டும். முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட கோலமும் நிறைய வரும். அப்போது பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. கடைப் பட்டியலில் ஹைப்போஸ்டோமஸ் ப்ளெக்கோஸ்டோமஸ் என்று எழுதியிருந்தாலும் எண்ணிப் பாருங்கள். உண்மையான ஹைப்போஸ்டோமஸுக்கும் 7 கதிர்தான். அந்த மீன் வியாபாரத்துக்கு வருவது அபூர்வம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பெயர்தான் தவறு.

ஏற்கெனவே வீட்டில் இருப்பது செயில்ஃபின் என்று தெரிந்துவிட்டால், ஏரியிலோ கிணற்றிலோ ஆற்றிலோ கண்டிப்பாக விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பரவிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், மீனவர் வலையைக் கிழிக்கும், காற்றை விழுங்கி வயிற்றால் சுவாசிக்கும் என்பதால் ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் சாகாது. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கடையிலோ கொடுங்கள். 15 செ.மீ.க்குள் இருக்கும்போதே கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஒரு அடி ஆனபின் பெரும்பாலான கடைகளில் இடமில்லை என்பார்கள்.