காட்டுப்பாதைல அடிபட்ட பிக்கப்புக்கு பாடி வேலை: செய்யக்கூடாத தப்புங்க

எங்க ஈரோடு மாவட்டத்துல கடம்பூர் தாண்டி மாக்கம்பாளையம் பக்கம், பர்கூர் மலைல தாமரைக்கரைக்கு உள்ளார, இந்த மாதிரி எடத்துல லோடு எடுக்கற பிக்கப் ரெண்டு மழைக்காலம் ஓடுச்சுன்னா போதுங்க, பாடி கத்த ஆரம்பிச்சிரும். பின்னாடி டோர் கொண்டி மாட்டாது, கேபினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற சந்து ஒரு பக்கம் அகலமாவும் மறுபக்கம் ஒடுக்கமாவும் தெரியும், தரைத்தகடு கிராஸ் மெம்பர் (அடில குறுக்க போற இரும்பு) ஓரமா வெடிச்சு நிக்கும். ஒடனே நாம பட்டறைல வுட்டு, வெடிச்ச எடத்துல எல்லாம் வெல்டு வெச்சு, மேல கனமா ஒரு இரும்புப் பட்டைய ஒட்டி, பெயிண்ட் அடிச்சு எடுத்துட்டு வந்துருவோம். நானும் அப்படித்தான் பண்ணேன். நாலே மாசத்துல வெல்டு வெச்ச எடத்துக்கு ஒரு சாண் தள்ளி மறுக்கா வெடிச்சுது, இந்தவாட்டி சேசிஸ்லயே, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துலயே. அதுக்கப்பறம் பாடி கட்டறவங்க, வெல்டர்னு ஒவ்வொருத்தரா கேட்டு கேட்டு புரிஞ்சுக்கிட்டத சொல்றேன்.

பிக்கப் சேசிஸ் ஒரு ஏணி மாதிரிங்க, ரெண்டு நீள சேனல் (ப மாதிரி மடிச்ச இரும்பு), குறுக்க கிராஸ் மெம்பர். முன்னாடி எடது வீல் பாறை மேல ஏறுறப்ப பின்னாடி எடது வீல் குழில எறங்குச்சுன்னா அந்த ஏணி ஈரத்துணிய பிழியற மாதிரி முறுக்கும். முறுக்கி திரும்பி வரட்டும்னுதான் அப்படி செஞ்சிருக்காங்க. ஆனா மேல இருக்கற லோடு பாடி பெட்டி மாதிரி, அது முறுக்காது. அதனாலதான் ரெண்டுக்கும் நடுவுல ரப்பரோ மரக்கட்டையோ வெச்சு யூ போல்ட்டோ பிராக்கெட்டோ போட்டு புடிச்சிருக்கறது. நெம்ப பேரு பண்ற பெரிய தப்பு இங்கதான், சத்தம் வருது ஆடுதுன்னு சொல்லி பாடிய சேசிஸோட நேரா வெல்டு வெச்சுப்போடறாங்க. சத்தம் நின்னுரும், வாஸ்தவந்தான், ஆனா முறுக்கு எங்கயும் போயிராது, வெல்டு முடியற அந்த ஓரத்துல வந்து ஒக்காந்துக்கும். சத்தம் வந்தா மொதல்ல ரப்பர் பிஞ்சிருக்கா, மரக்கட்டை இத்துப்போச்சா, போல்ட் ஓட்டை நீண்டுக்கிச்சான்னு பாருங்க, பாதி வண்டிக்கு வேலை அதோட முடிஞ்சிரும்.

வெல்டிங் மிஷின எடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய சமதரைல நிறுத்தி அளவு எடுங்க. சேசிஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற போல்ட் ஓட்டை நாலு, முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு எடுத்துக்கிட்டு, குறுக்கால மூலைக்கு மூலை டேப் புடிங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இல்லைன்னா சேசிஸ் கோணியிருக்குன்னு அர்த்தம். கோணுனத நிமித்தாம மேல பாடிய சரி பண்ணி டோர மாட்டுனா, அந்த கோணல நாமளே வெல்டு வெச்சு நெரந்தரமா ஆக்குன மாதிரி ஆயிரும். இந்த அளவ எடுக்க 10 நிமிசம்கூட ஆகாது.

சேசிஸ்ல விரிசல் வுட்டிருந்தா அது மேல அப்படியே வெல்டு இழுக்கவே கூடாதுங்க. பெயிண்ட சுரண்டி விரிசல் எங்க முடியுதுன்னு கண்டுபுடிச்சு, அந்த முனைல சின்னதா ஒரு ஓட்டை போடோணும், அப்பத்தான் விரிசல் மேல ஓடாம நிக்கும். அப்பறம் விரிசல் நெடுக கிரைண்டர்ல வி மாதிரி வெட்டி, உள்ள வரைக்கும் வெல்டு எறங்கற மாதிரி வெச்சு, தேச்சு சமமாக்கி, அதுக்கு மேலதான் பட்டை. பட்டைய சதுரமா வெட்டி நாலு பக்கமும் சுத்தி வெல்டு வெக்கறது அடுத்த தப்பு. சேசிஸுக்கு குறுக்கால நேர்கோடா வர்ற வெல்டு, அந்த கோட்டுலயே முறிய வழி பண்ணிக் குடுக்கும். பட்டையோட ரெண்டு முனையும் வைரம் மாதிரி கூரா சரிஞ்சு வரோணும், நீளவாக்குல மட்டும் வெல்டு வெக்கோணும், சேனலோட மேல்மடிப்பு கீழ்மடிப்புல வெல்டும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம், ஏன்னா பாரம் இழுக்கறது எல்லாம் அந்த மடிப்புலதான். ஓட்டை போட்டே ஆகோணும்னா நடுச்சுவத்துல போடுங்க. பட்டை கனம் சேசிஸ் கனத்த தாண்டக்கூடாது. எச்சா கனம் போட்டா நல்லதுன்னு நானும் நெனச்சேன், என் வண்டி ஒரு சாண் தள்ளி வெடிச்சதுக்கு காரணமே அதுதான்.

பிஎஸ்6ங்கற பொகை விதிப்படி வந்த வண்டி, அதாவது 2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்ததுன்னா, ஈசியூ (இஞ்சின் ஓட்டற கம்ப்யூட்டர்), சென்சார்னு எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். பேட்டரி வயர் கழட்டாம வெல்டு வெச்சா அது போயிரும், செலவு பாடி வேலைய வுட எச்சா வரும். நெகட்டிவ மொதல்ல கழட்டுங்க, வெல்டிங் மிஷினோட எர்த் கிளாம்ப வெல்டு வெக்கற எடத்துக்கு பக்கத்துலயே மாட்டுங்க, பம்பர்ல மாட்டிட்டு பின்னாடி வெல்டு வெச்சா கரண்ட் பேரிங் வழியா ஓடி அதையும் கெடுக்கும். டீசல் டேங்க், பிரேக் பைப் பக்கத்துல வேலைன்னா கழட்டி வெச்சுட்டுதான். டேங்க் காலியா இருக்கு பரவால்லன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, காலி டேங்க்ல ஆவி நிக்கும்.

தரைத்தகடு, சைடு தகடு எல்லாம் மெல்லிசு. அதுல ராடு வெல்டிங் வெச்சா பொத்துக்கும், இல்லைன்னா சூட்டுல நெளிஞ்சுக்கும். சிஓ2 வெல்டிங்ல (கேஸ் வுட்டு மெல்லிசு கம்பில வெக்கறது) ஒரு இஞ்சு வெச்சு, தள்ளிப்போய் ஒரு இஞ்சு வெச்சு, ஆற வுட்டு வெக்கச் சொல்லுங்க. துத்தநாகம் பூசுன தகடா இருந்தா பூச்ச தேச்சு எடுத்துட்டுதான் வெல்டு, அந்த வெள்ளைப் பொகைய இழுத்தா ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், வேலை பாக்கற பையனுக்கு மாஸ்க் வாங்கிக் குடுங்க.

துரு விசயத்துல அவசரப்படாதீங்க. பள்ளத்துல எறங்கி ஏறுன வண்டிக்கு கிராஸ் மெம்பர் உள்ளாற, மட்கார்டு மடிப்புல எல்லாம் செம்மண்ணு அப்பி ஈரத்த புடிச்சு வெச்சிருக்கும், அத கழுவி நல்லா காயவெச்சுதான் பட்டறைல வுடோணும். துரு மேல பட்டி பூசுனா ஒரு மழைக்கு கொப்புளம் கொப்புளமா கழண்டு வரும். ஒடுக்க டிங்கரிங்ல நிமித்திட்டு பட்டி 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல போகாம பாத்துக்கோங்க. வெறும் ரெட் ஆக்சைடோட நிறுத்திட்டா ஈரம் உள்ள போயிரும், எப்பாக்ஸி பிரைமர் அடிச்சு மேல பெயிண்ட் வேணும். அடில இருக்கற தண்ணி வடியற ஓட்டைய வெல்டு வெச்சோ பெயிண்ட்லயோ அடைச்சுப்போடாதீங்க.

பலமா இருக்கட்டும்னு தரை முழுக்க செக்கர் பிளேட் (வழுக்காம மேடு மேடா இருக்கற இரும்புத்தகடு) போடறவங்களுக்கு ஒரு கணக்கு. இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லி கனத்துக்கு கிட்டத்தட்ட 8 கிலோ. 4 சதுர மீட்டர் தரைல 3 மில்லி சேத்துனா 100 கிலோவுக்கு பக்கமா வந்துரும், அத்தன கிலோ மரவள்ளிக்கிழங்க நீங்க ஏத்த முடியாது. பின்னாடி பட்டைக்கட்டுல, அதாவது லீஃப் ஸ்பிரிங்ல, பட்டை சேத்தறதும் அப்படித்தான், வண்டி எறங்காது, ஆனா அடி நேரா ஸ்பிரிங்க மாட்டியிருக்கற ஹேங்கர் வழியா சேசிஸ்க்கு போகும். பம்பருக்கு முன்னாடி மாட்டற இரும்புக் கம்பி புல் கார்டு 2017லயே மத்திய அரசு வேண்டாம்னு சொல்லிருச்சு, நடந்து போறவங்க மேல பட்டா உயிருக்கு ஆபத்து.

வேலை முடிஞ்சு மொத லோடு எறக்குனதும் யூ போல்ட், பாடி போல்ட் எல்லாம் ஒருக்கா டைட் வெச்சுருங்க, புது ரப்பரும் கட்டையும் அமுங்கி போல்ட் லூஸ் ஆகியிருக்கும். அடில வெல்டு வெச்ச எடத்துக்கு மட்டும் நான் கருப்பு அடிக்கறதில்லைங்க, வெள்ளைதான். மலை எறங்கி வந்ததும் டார்ச் அடிச்சு பாப்பேன், வெள்ளைல செவப்பா மயிரிழை கோடு தெரிஞ்சா மறுநா லோடு எடுக்கறதில்ல.