சுக்கான் கல் காட்டில் என்ன வைக்கலாம்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் யாராவது புதிதாகக் கிணறோ அஸ்திவாரமோ தோண்டியிருந்தால் நின்று எட்டிப் பாருங்கள். மேலே ஒரு முழத்துக்குச் சரளை கலந்த செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு அடுக்கு. சில இடங்களில் அது உருண்டை உருண்டையாக இருக்கும், சில இடங்களில் கடப்பாரை மோதித் தெறிக்கிற அளவுக்கு இறுகியிருக்கும். அதுதான் சுக்கான் கல்.

எங்கள் காடும் அப்படிப்பட்டதுதான். (மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம்.) அது தெரியாமல் 40 எலுமிச்சைக் கன்று வைத்தேன். இரண்டாம் வருடம் துளிர் எல்லாம் மஞ்சள். உரக்கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள், போட்டேன். மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு. ஜிப்சமும் சுண்ணாம்புச் சத்துதான். மஞ்சள் அப்படியே இருந்தது, காசுதான் போனது. கன்று வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இந்த மண் எப்படி உண்டாகிறது?

மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்கள் விடுகிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். மழை நிறையப் பெய்தால் சுண்ணாம்பு முழுவதும் அடித்துக்கொண்டு போய்விடும். நீலகிரியில் நடந்தது அதுதான். அங்கே மண் புளிப்பு, அதனால் தேயிலை வருகிறது. மழை குறைவு, வெயில் அதிகம் என்றால் நீர் இரண்டு மூன்று அடி இறங்குவதற்குள் வறண்டுவிடும். சுமந்து வந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கான வருடங்கள் நடந்தால் சுக்கான் அடுக்கு.

இது பாலைவனங்களின் குணம். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் இந்தக் கல்லைக் கங்கர் என்கிறார்கள், அமெரிக்காவின் அரிசோனாவில் கலீச்சி. உலக மண் வகைப்பாட்டில் இத்தகைய மண்ணுக்குக் கால்சிசால் என்று பெயர். அங்கே இன்னொரு வேலையும் நடக்கும்: காற்று நுண்மண்ணைத் தூக்கிக்கொண்டு போக, மேலே சரளை மட்டும் தளம் போட்ட மாதிரி மிஞ்சும். கொங்கு நாடு பாலைவனம் அல்ல. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். நம் மண்ணை அந்தப் பாலைவன மண்ணின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 1: குழி தோண்டுங்கள்

காட்டில் இரண்டு மூன்று இடங்களில் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். வெள்ளை அடுக்கு எத்தனை அடியில் தொடங்குகிறது, கடப்பாரை அதில் இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழியில் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க விடுங்கள். காலையிலும் தண்ணீர் நின்றால் அடியில் இருப்பது பாறை மாதிரிதான். மழைக்காலத்தில் மரத்தின் வேர் அங்கே அழுகும். அந்த இடத்தில் மரம் வைத்தே ஆகவேண்டும் என்றால் அடுக்கை உடைத்துக் கீழே வழி விட்டபிறகுதான் வைக்க வேண்டும்.

படி 2: பொங்குகிறதா பாருங்கள்

வீட்டில் இருக்கிற வினிகர் போதும். எலுமிச்சைச் சாறும் ஆகும், சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். ஒரு கரண்டி மண்ணில் ஊற்றிக் காதருகே வையுங்கள். நுரைத்துச் 'சுர்' என்றால் சுண்ணாம்பு இருக்கிறது.

இங்கேதான் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள். கல்லின் மேல் ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பயிருக்குத் தொந்தரவு கொடுப்பது கல் அல்ல, மாவு மாதிரி மண்ணோடு கலந்திருக்கிற சுண்ணாம்பு. வேரைத் தொடுவது அதுதான். ஆகவே கல்லை நீக்கிச் சலித்த மண்ணைத் தனியாகச் சோதியுங்கள். கல் மட்டும் பொங்கி, சலித்த மண் சும்மா இருந்தால் உங்களுக்கு யோகம், பெரும்பாலான பயிர் வரும். சலித்த மண்ணே பொங்கினால் தொடர்ந்து படியுங்கள்.

படி 3: சரளையை எடை போடுங்கள்

பத்து கிலோ காய்ந்த மண்ணை 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்து, மேலே நிற்கிற கல்லை எடை போடுங்கள். நாலு கிலோ கல் என்றால் தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்கிற மண் ஆறு கிலோதான். மண் பரிசோதனை நிலையத்தில் கல்லைச் சலித்து எறிந்துவிட்டுத்தான் சோதிப்பார்கள். அவர்கள் தருகிற அட்டை அந்த ஆறு கிலோவைப் பற்றியதே தவிர உங்கள் முழுக் காட்டைப் பற்றியது அல்ல. இப்படிப்பட்ட காட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். உரமும் அப்படித்தான்.

அதற்காகச் சரளையைப் பொறுக்கி வரப்பில் குவித்துவிடாதீர்கள். நான் பொறுக்கப் போனபோது எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா), "கல்லு கெடக்கட்டும் கண்ணு, அதுதான் ஈரத்தைக் காப்பாத்துது" என்றார். அப்போது சிரித்தேன். மேலே கிடக்கிற கல் மூடாக்கு மாதிரி வெயிலைத் தடுக்கும், மழை மண்ணை அரிக்காமலும் பார்த்துக்கொள்ளும். ஏர் ஓட்ட இடைஞ்சலான பெரிய கல்லை மட்டும் எடுத்தால் போதும்.

படி 4: மண் பரிசோதனை

பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, ஓரமாகச் சீவிய மண்ணைக் கலந்து அரைக் கிலோ கொடுங்கள். எருக்குழி, வரப்பு, மரத்தடி வேண்டாம். அட்டை வந்ததும் முதலில் பி.எச். (மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்) பாருங்கள். சுண்ணாம்பு மண் என்றால் பெரும்பாலும் 7.5 முதல் 8.5 வரை இருக்கும். 8.5-ஐத் தாண்டினால் சோடியம் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அது களர், ஜிப்சம் போடுவது அதற்குத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் என் காசு போனது.

கந்தகம் போட்டால் சுண்ணாம்பு போய்விடும் என்றும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண் ஏறக்குறைய 900 டன். அதில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு என்றாலே 9 டன். அதைத் தீர்க்க 3 டன் கந்தகம் வேண்டும். நம் காட்டில் ஐந்து சதவீதம் இருந்தால்? அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டியதுதான்.

படி 5: மண்ணுக்குத் தக்க பயிர்

எலுமிச்சை, நிலக்கடலை இரண்டும் இந்த மண்ணில் சீக்கிரம் மஞ்சளாகும். நெல்லி, இலந்தை, மாதுளை தாங்கும். முருங்கை நன்றாகவே வரும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் போனால் தெரியும். சோளம் மானாவாரியில் வரும், ஆனால் இளம் பயிரில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

இதெல்லாம் இருந்தாலும் இந்த மண்ணுக்கு நம் முன்னோர் கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது: கொறங்காடு. உழுது பாழாக்காமல் காட்டை மேய்ச்சலுக்கு விடுவது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல் மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காடுகளில்தான். அந்த மாட்டின் எலும்பு உறுதிக்குச் சுண்ணாம்பு மண்ணில் வளர்ந்த புல்தான் காரணம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இதே கொழுக்கட்டைப் புல்தான் தார் பாலைவனத்திலும் மேய்ச்சல் புல். மழை குறைந்த சுண்ணாம்பு மண்ணில் ஆழமாக வேர்விட்டு, காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

படி 6: பயிர் வைத்தால் உரம்

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) நேராகத் தூவினால் சுண்ணாம்பு அதைப் பிடித்துக் கல்லாக்கிவிடும், பயிருக்குக் கிடைக்காது. ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரத்தோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, லேசாக ஈரமாக்கி, ஒரு மாதம் நிழலில் மூடிவைத்துவிட்டு விதைக்கிற சாலில் போடுங்கள். ஊட்டமேற்றிய தொழு உரம் என்பது இதுதான். யூரியாவை மண்ணின் மேல் அப்படியே விட்டால் அம்மோனியாவாக ஆவியாகும். மண்ணுக்குள் மூடுங்கள், அல்லது போட்ட கையோடு தண்ணீர் விடுங்கள்.

இலை மஞ்சளாவதில் இரண்டு வகை உண்டு. அடி இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. நுனித் துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு அதைக் கரையவிடுவதில்லை. அதனால் இரும்பு உப்பை மண்ணில் போடுவதைவிட இலைக்குத் தெளிப்பதே பலன் தரும். பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 10 கிராம் சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள்). சாயங்காலம், துளிர் நனையும்படி, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. கரைத்ததை அன்றே தெளித்துவிடுங்கள். வைத்திருந்தால் துருப்பிடித்த நிறம் வந்துவிடும், அப்புறம் அது வீண்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் சொட்டுவானைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அதுவும் இதே சுண்ணாம்புதான், வினிகரில் ஊறவைத்தால் கரையும்.

கொறங்காடு வைக்க நினைத்தால்

கிளுவைப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைகளை) மழைக்கு முன்பே வேலியோரம் நெருக்கமாக நட்டுவிடுங்கள். கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும். ஈர மண்ணும் சாணமும் சேர்த்துப் பிசைந்து உருட்டினால் கைக்கு அடங்கும். முதல் மழை விழுந்ததும் மேலாக்கப் போடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம். இந்த வருடம் உருவிய விதையை இந்த வருடமே போட்டால் பாதி முளைக்காது, அதற்கு உறக்கக் காலம் உண்டு. சாக்கில் கட்டிக் காய்ந்த இடத்தில் வைத்திருந்து அடுத்த மழைக்குப் போடுங்கள். முதல் வருடம் மாட்டை உள்ளே விடாதீர்கள். புல் பூத்து விதை உதிரட்டும்.