விளையாட்டைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்காதீர்கள்: பெரியவர்கள் செய்யும் சில தவறுகள்

குழந்தைகளின் விளையாட்டில் பெரியவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அக்கறையால் வருபவை. பிள்ளைக்கு நல்லது என்று நிறைய பொம்மை வாங்குகிறோம், விடாமல் சொல்லிக்கொடுக்கிறோம், எதற்கெடுத்தாலும் கைதட்டுகிறோம். கடைசியில் விளையாட்டு பிள்ளையின் கையை விட்டு நம் கைக்கு வந்துவிடுகிறது. என்ன விளையாடுவது, எப்படி விளையாடுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும்போதுதான் விளையாட்டால் முழுப் பலன் கிடைக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பலவும் இந்த ஒன்றை மறப்பதால் வருபவைதான்.

1948இல் சோவியத் நாட்டில் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறுவர்களை அசையாமல் நிற்கச் சொன்னால் கொஞ்ச நேரம்தான் நின்றார்கள். அதே பிள்ளைகள் விளையாட்டில் காவல்காரனாக நின்றபோது அதைவிட வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். காவல்காரன் என்றால் அசையக் கூடாது என்பது விளையாட்டின் விதி, அந்த விதியைப் பிள்ளை தானாக ஏற்றுக்கொள்கிறது. தன்னைத்தானே கட்டுப்படுத்தப் பழகுவது இப்படித்தான். 'அமைதியா உட்கார்' என்று நாம் நாள் முழுக்கச் சொல்லியும் வராதது அங்கே தானாக வருகிறது.

எல்லாவற்றையும் பாடமாக்குவது

பிள்ளை கட்டைகளை வரிசையாக வைத்து ரயில் ஓட்டிக்கொண்டிருக்கும். நாம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது என்ன கலர்? மொத்தம் எத்தனை கட்டை?" என்று ஆரம்பிப்போம். பிள்ளை பதில் சொல்லலாம், ஆனால் ரயில் நின்றுவிடும். அந்த ரயிலுக்குள் ஒரு கதை இருந்தது. யார் ஏறினார்கள், எங்கே போகிறார்கள், ஏன் வழியில் நின்றது என்று பிள்ளை மனத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டையை ரயிலாகப் பார்ப்பதே பெரிய மனவேலை. கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்று, மனத்தில் இருக்கும் பொருள் வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பிள்ளை கையாள்கிறது. பின்னால் எழுத்தையும் எண்ணையும் குறியீடுகளாகப் புரிந்துகொள்ள இதே திறமைதான் வேண்டும். நிறத்தின் பெயரைச் சாப்பிடும்போதும் துணி மாட்டும்போதும் சொல்லிக்கொடுக்கலாமே.

அப்படியானால் கூட விளையாடவே கூடாதா? தாராளமாக விளையாடலாம், விளையாடவும் வேண்டும். பிள்ளை சொல்கிறபடி நாம் ஆட வேண்டும், அவ்வளவுதான். "நீங்க பயணி, டிக்கெட் எடுங்க" என்றால் டிக்கெட் எடுங்கள். கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் கதைக்குள் இருந்து கேளுங்கள்: "ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

பொம்மைகளைக் குவிப்பது

அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 18 முதல் 30 மாதம் வரையுள்ள 36 குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும் இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 2018இல் அந்த ஆய்வு வெளியானது. 4 பொம்மைகள் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், ஒரே பொம்மையைப் பல விதமாகவும் பயன்படுத்தினார்கள். 16 இருந்தபோது ஒன்றைத் தொடுவதும் அடுத்ததற்குத் தாவுவதுமாகப் போனது. வீட்டில் ஏற்கெனவே நிறைய சேர்ந்துவிட்டதா? பாதியை எடுத்து உள்ளே வையுங்கள். சில வாரம் கழித்து மாற்றிக் கொடுத்தால் பழையதும் புதிதாகத் தெரியும். ஆனால் பிள்ளை தூங்கும்போதுகூடக் கட்டிக்கொள்ளும் அந்த ஒரு பொம்மையை மட்டும் தொடாதீர்கள். அது வேறு கணக்கு.

பேசும் பொம்மையைப் பேச விடுவது

பொத்தானை அமுக்கினால் பாடும், விலங்கின் பெயர் சொல்லும், விளக்கு மின்னும் பொம்மைகள் மொழியை வளர்க்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2016இல் அன்னா சோசா என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் தங்கள் வீட்டிலேயே பெற்றோரோடு விளையாடியபோது நடந்த பேச்சு பதிவு செய்யப்பட்டது. மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள். குழந்தை குரல் கொடுத்து, பெரியவர் பதில் சொல்லும் பரிமாற்றமும் குறைந்தது. படப் புத்தகம் இருந்தபோது பேச்சு அதிகமாக இருந்தது, கட்டை போன்ற சாதாரணப் பொம்மைகள் இடையில் நின்றன. பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். குழந்தைக்கு மொழி வருவதோ தன் குரலுக்குப் பதில் சொல்லும் மனிதர்களிடமிருந்துதான். அந்தப் பொம்மையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டால் பல பொம்மைகளோடு இன்னும் நன்றாகவே விளையாடலாம்.

டிவி, போன் போன்ற திரையை விளையாட்டுக் கணக்கில் சேர்ப்பதும் இதே ரகம்தான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. 1 முதல் 4 வயதுப் பிள்ளைகள் தினமும் மொத்தமாக மூன்று மணி நேரமாவது ஓடியாடி இருக்க வேண்டும் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம்.

பரிசு கொடுத்து விளையாட வைப்பது

1973இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் சிலரிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு வாங்கிய அந்தப் பிள்ளைகள் பிறகு தாங்களாக வரைய உட்கார்ந்த நேரம் குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. 'இதை முடித்தால் அது தருவேன்' என்ற பேரம் நுழைந்தால், பிடித்துச் செய்த காரியம் வேலையாக மாறிவிடுகிறது. ஓயாமல் "சூப்பர், சூப்பர்" என்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். "மேலே பெரிய கட்டையை வச்சிருக்கியே, விழாம நிக்குதே" என்று பார்த்ததைச் சொன்னாலே பிள்ளைக்குப் போதும்.

இரண்டு வயதில் பகிரச் சொல்வது

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இல் பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் விதங்களை வகைப்படுத்தினார். சும்மா வேடிக்கை பார்ப்பது, அருகருகே உட்கார்ந்து அவரவர் விளையாடுவது, கலந்து விளையாடுவது, ஒரே நோக்கத்தோடு கூடி விளையாடுவது என்று அது போகிறது. இரண்டு வயதில் அருகருகே விளையாடுவதுதான் பெரும்பாலும் இயல்பு. அந்த வயதில் கையிலிருப்பதைப் பிடுங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தால், பலமுள்ளவர் பிடுங்கலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். "அவன் முடிச்சதும் உனக்கு" என்று முறை வைத்துப் பழக்குங்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளையையும் உள்ளே தள்ள வேண்டாம், அதுவும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

பையனுக்குச் சொப்பு எதற்கு, பெண்ணுக்குக் கார் எதற்கு என்ற பேச்சை விட்டுவிடலாம். கட்டையும் காரும் இடம், தூரம், வடிவம் பற்றிய அறிவைத் தருகின்றன. சொப்பும் பொம்மைக் குழந்தையும் பிறரைப் பார்த்துக்கொள்ளப் பழக்குகின்றன. இரண்டும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும்.

பயப்படக் கூடாத இடத்தில் பயப்படுவது

ஏறாதே, ஓடாதே, குதிக்காதே என்கிறோம். உயரத்தில் ஏறி, கீழே பார்த்து, இறங்கலாமா குதிக்கலாமா என்று பிள்ளை கணக்குப் போடும்போதுதான் தன் உடலின் அளவு அதற்குப் பிடிபடுகிறது. விழுந்தால் முட்டி சிராய்க்கும் என்ற அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள். சிரித்துக்கொண்டே கட்டிப் புரளும் பிள்ளைகள் சண்டை போடவில்லை. முகம் சுருங்கி, ஒருவர் விலகப் பார்க்கும்போது மட்டும் நடுவில் போங்கள்.

உண்மையான ஆபத்து பல நேரம் கண்ணில் படாத சின்னப் பொருட்களில்தான் இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்க, சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் அடங்கும் துண்டு எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. காசு போன்ற வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம், தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். சக்திவாய்ந்த காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் குழந்தையை உட்கார வைப்பதும் அப்படித்தான்: நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படிக்கட்டில் உருண்டு விழ வைக்கும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

கடைசியாக, பிள்ளை விளையாடும் விதத்தைக் கவனிக்காமல் விடுவதும் ஒரு தவறுதான். இரண்டரை வயதாகியும் பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டே வரவில்லை, எந்நேரமும் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகத்தில் வளரும் என்பது உண்மைதான். ஆனாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்பதில் நஷ்டமில்லை. போகும்போது வீட்டில் பிள்ளை விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளை வழக்கம்போல் விளையாடாமல் போகலாம், அப்போது அந்த வீடியோ மருத்துவருக்கு உதவும்.