பந்தயப் பெட்ரோலை மொத்தமாக வாங்கும் முன்

சேலத்திலிருந்து கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு வண்டி ஏற்றிச் செல்லும் சிறு பந்தயக் குழுக்கள், ஆக்டேன் கூடிய பந்தயப் பெட்ரோலை மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது சட்டம். பெட்ரோல், 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, மிக எளிதில் தீப்பற்றும் 'ஏ' வகுப்பைச் சேர்ந்தது. விற்பனைக்கல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒருவர் உரிமமின்றி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் கூடிய மொத்த அளவு 30 லிட்டர்தான்; அதுவும் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகக் கேன்களில் இருக்க வேண்டும். ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கி ஒரே ஷெட்டில் அடுக்கினால் 150 லிட்டர் வரை செல்லும் என்று கணக்கிடுவது ஆபத்தானது; ஷெட் எவர் பொறுப்பில் இருக்கிறதோ, அத்தனையும் அவர் கைவசம் உள்ளதாகவே கொள்ளப்படலாம். 200 லிட்டர் பேரல் வேண்டுமெனில் உரிமமும் அதற்குரிய இடமும் தேவை. ஆகவே பந்தயத்துக்குப் பந்தயம், தேவைக்கேற்ப வாங்குவதே சிறு குழுவுக்கு உகந்தது என்பது என் கருத்து. ஆக்டேன் என்பது என்ஜினுக்குள் அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் தாங்கும் அளவு; என்ஜின் கேட்காத ஆக்டேனுக்குக் காசு கொடுப்பதும் வீண்.

கேனை வண்டியிலேயே வைத்து நிரப்பக் கூடாது. நிலைமின்சாரப் பொறி எழாதிருக்கத் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். வெப்பத்தில் பெட்ரோல் விரியும் என்பதால் விளிம்பு வரை ஊற்றாமல் மேலே சற்று இடம் விடுவது அவசியம். சேலத்தில் மூடிய கேனை இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குக் கொண்டு சென்றால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கேன் உப்பியிருக்கும். திறந்தவெளியில், நிழலில் வைத்து, மூடியை மெல்லத் தளர்த்த வேண்டும். ரயிலில் எடுத்துச் செல்லும் எண்ணமே வேண்டாம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் அது.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது சேமிப்பில்தான். சித்திரை வெயிலில் தகிக்கும் தகர ஷெட்டில், மூடி சரியாக இறுகாத கேனிலிருந்து எளிதில் ஆவியாகும் கூறுகள் முதலில் வெளியேறிவிடுவதால், எஞ்சும் பெட்ரோலில் என்ஜின் கிளம்பத் திணறும். பாதி காலியான கேனுக்குள் ஈரக்காற்று புகும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை உறிஞ்சி, அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும், மேலே நிற்பதன் ஆக்டேனும் குறையும். எனவே மீதத்தைச் சிறிய உலோகக் கேனுக்கு மாற்றி, காற்றிடம் குறைவாக இருக்குமாறு மூடி, திறந்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும். ஈயம் கலந்த எரிபொருள் வெளிச்சத்தில் கெடும் என்பதால், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கேன் அறவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து செல்லும். அதனால் காற்றுத் துளைகள் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர், கம்ப்ரசர், சாமி விளக்கு எதுவும் அதே அறையில் இருக்கக் கூடாது. தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது தீயைப் பரப்பவே செய்யும். உலர்தூள் தீயணைப்பானை அறைக்கு உள்ளே அல்லாமல் வாசலுக்கு வெளியே மாட்டி வையுங்கள்.