ஆளில்லாத வீட்டில் விளக்கு எரியட்டும்

சீக்கிரம் இருட்டிவிடும் மாதங்களில் மாலையில் வீடு பூட்டியிருக்குமானால், வாசல் விளக்கைப் போட்டுவிட்டுச் செல்வதைவிட, உள்ளறை விளக்கு ஒன்றை, குறித்த நேரத்தில் மின்சாரம் தந்து நிறுத்தும் டைமர் பிளக்கில் இணைத்து, பொழுது சாயும் நேரத்தில் தானாக எரிந்து, வழக்கமாகப் படுக்கும் நேரத்தில் அணையும்படி அமைத்துவிடுங்கள். வாசல் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தால், உள்ளே ஆளில்லை என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் தெரியும் வெளிச்சம், யாரோ இருக்கிறார்கள் என்ற ஐயத்தை எழுப்புவதால், திருட நோட்டம் பார்ப்பவர் பெரும்பாலும் வேறு வீட்டை நாடுவார். இரண்டு அறைகளில் வெவ்வேறு நேரத்தில் விளக்கு எரிந்தால் இன்னும் இயல்பாகத் தோன்றும். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: 9 வாட் எல்இடி பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் மின்சாரம் தீர ஏறத்தாழ 22 நாட்கள் ஆகும்.

விளக்கின் சொந்தச் சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டால் எரியும் விளக்குகள் பல, மின்சாரம் வந்ததும் தாமாக எரியாதவை என்பதால் இதற்கு உதவா. மின்வெட்டு அடிக்கடி நேரும் இடத்தில், மின்சாரத்தால் சுழலும் வட்டு கொண்ட டைமர் நின்று நின்று ஓடி நேரம் பின்தங்கிவிடுமாதலால், உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையே ஏற்றது. திரையில்லாத சன்னலில் இம்முறையைப் பின்பற்றவே கூடாது. காலியான அறையை நாமே வெளிச்சம் போட்டுக் காட்டியதாகிவிடும். பல நாட்கள் ஊரில் இல்லாதபோது, வாசலில் நாளிதழ்கள் குவிந்து கிடந்தால் எந்த விளக்கும் பயன் தராது.