இரட்டை என்ஜின் விமானத்தில் எரிபொருள்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பைலட் மாணவர்கள் சிலர் கோத்தகிரியில் என் வீட்டுக்கு வந்து போவார்கள். குன்னூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகள். சிங்கிள் என்ஜினில் பறக்க வேண்டிய மணிகளை முடித்துவிட்டு மல்டி என்ஜின் பயிற்சிக்குப் போயிருப்பார்கள். மேசையில் சார்ட்டை (விமானிகளின் வரைபடத்தை) விரித்து வைத்துக்கொண்டு பேசுவோம். அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால், நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் கூட்டம் செய்த அதே தவறுகள் ஒன்று குறையாமல் இன்னும் நடப்பது தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போதுமான எரிபொருள் இல்லாமல் கிளம்புவது, டேங்க் மூடியை மறப்பது, டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இறங்காத ஊசி

எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பைப்பர் செமினோல் போன்ற சிறிய இரட்டை என்ஜின் விமானத்தில் இடது என்ஜினுக்கு இடது டேங்க், வலது என்ஜினுக்கு வலது டேங்க். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, என்ஜினுக்கு ஒன்றாக இரண்டு செலக்டர் லீவர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள்: ஆன், ஆஃப், க்ராஸ்ஃபீட். க்ராஸ்ஃபீடில் வைத்தால் அந்த என்ஜின் எதிர்ப்பக்க டேங்கிலிருந்து குடிக்கும். ஒரு என்ஜின் நின்றுபோனால், அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் எரிபொருளை ஓடும் என்ஜினுக்குக் கொடுப்பதற்காக வைத்த ஏற்பாடு இது. மட்டமாகப் பறக்கும்போது மட்டுமே பயன்படுத்தலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் கூடாது.

கிளம்பும் முன் தரையிலேயே க்ராஸ்ஃபீட் வேலை செய்கிறதா என்று சோதிப்பார்கள். லீவரைத் தள்ளி, என்ஜின் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி ஆனுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ஏதோ கூப்பிடும், பின்னால் இன்னொரு விமானம் வந்து நிற்கும், ஒரு லீவர் க்ராஸ்ஃபீடிலேயே நின்றுவிடும்.

அப்புறம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செமினோலில் மொத்தம் 110 கேலன் பிடிக்கும், அதில் 108 கேலன்தான் பயன்படும். அதாவது ஒரு டேங்குக்கு ஏறக்குறைய 204 லிட்டர். க்ரூஸில், அதாவது உயரம் மாறாமல் சீராகப் போகும்போது, ஒரு என்ஜின் மணிக்குச் சுமார் 38 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். தன் டேங்கிலிருந்து மட்டும் குடித்தால் 5 மணி நேரத்துக்கு மேல் வரும். வலது லீவர் க்ராஸ்ஃபீடில் இருந்தால் இரண்டு என்ஜினும் இடது டேங்கையே காலி செய்யும். 2 மணி 40 நிமிடத்தில் அது தீரும். தீரும்போது இரண்டு என்ஜினும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் திணறும். வலது டேங்கிலோ ஒரு சொட்டுகூடக் குறைந்திருக்காது.

போன விடுமுறையில் வந்த தம்பி ஒருவன் தன் அனுபவத்தைச் சொன்னான். "சார், வலது டேங்க் ஊசி ஒரு மணி நேரமா அசையவே இல்லை. கேஜ் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, இறங்கினதும் எழுதணும்னு குறிச்சு வெச்சேன்." இடது ஊசி என்ன செய்தது என்று கேட்டேன். "அது கொஞ்சம் வேகமா இறங்கிச்சு சார். அந்தக் கேஜும் சரியில்லையோன்னு..." பக்கத்தில் இருந்த பயிற்றுநர் கவனித்து லீவரைத் திருப்பியிருக்கிறார், எதுவும் ஆகவில்லை. ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு வரியில் இருக்கிறது மொத்த ஆபத்தும். ஒரு ஊசி நிற்கிறது, இன்னொன்று இரண்டு மடங்கு வேகத்தில் இறங்குகிறது. இரண்டு கருவியும் ஒரே நாளில் கெட்டன என்று நினைப்பதைவிட, இரண்டும் உண்மையைச் சொல்கின்றன என்று நினைப்பதல்லவா நியாயம்?

விமானமும் அவனிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆவ்கேஸ், அதாவது பிஸ்டன் என்ஜின் விமானங்களின் பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ. ஒரு பக்கம் தீரத்தீர மறுபக்கம் கனக்கும். முழு டேங்குக்கும் காலி டேங்குக்கும் வித்தியாசம் 147 கிலோ, அதாவது நன்கு வளர்ந்த இரண்டு ஆட்களின் எடை. யோக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை) ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றான். காற்று என்று நினைத்துக்கொண்டானாம்.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் தவறல்ல. 2013 நவம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதுவும் இரட்டை என்ஜின்தான். பிரதான டேங்கில் 73 கிலோ எரிபொருள் அப்படியே இருந்தது. அங்கிருந்து என்ஜின்களுக்கான சிறிய டேங்குகளுக்குத் தள்ளும் பம்புகள் அணைக்கப்பட்டிருந்தன. இரண்டு என்ஜினும் அடுத்தடுத்து நின்றன.

விமானத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. என்ஜினுக்குப் போகும் வழியில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. புதியவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அரை மணிக்கு ஒருமுறை இடது, வலது இரண்டையும் தனித்தனியாக நேரத்தோடு எழுதுங்கள். லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையை வைத்துப் பாருங்கள். லீவரை மாற்ற வேண்டியிருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கீழே சமவெளி இருக்கும்போது மாற்றுங்கள். மாற்றிய பின் அந்த என்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு நிமிடமாவது பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஏன் குறைகிறது என்று தெரியாமல் க்ராஸ்ஃபீட் திறப்பது

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. ஒரு டேங்க் வேகமாகக் குறைந்தால் உடனே சமன்செய்யக் கை பரபரக்கும். லீவர் சரியாக இருந்தும் குறைகிறதென்றால் அது கசிவாக இருக்கலாம். அப்போது க்ராஸ்ஃபீட் திறந்தால் நல்ல டேங்கில் இருப்பதையும் ஓட்டை வழியே கொட்டுவதாக ஆகும். 2001 ஆகஸ்ட் 24 அன்று டொரன்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் ட்ரான்சாட் 236-இல் இதுதான் நடந்தது. வலது என்ஜினில் கசிவு. இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று பார்த்த விமானிகள், செக்லிஸ்ட்டை எடுக்காமல் நினைவிலிருந்தே க்ராஸ்ஃபீடைத் திறந்தார்கள். கசிவு இருக்கலாம் என்றால் திறக்காதே என்ற எச்சரிக்கை அந்தச் செக்லிஸ்ட்டில் இருந்தது. அட்லான்டிக் கடலுக்கு மேலே இரண்டு என்ஜினும் நின்று, சுமார் 19 நிமிடம் மிதந்துபோய் அசோர்ஸ் தீவில் இறக்கினார்கள். 306 பேரும் பிழைத்தார்கள்.

பசித்த என்ஜினைச் செத்த என்ஜின் என்று நினைப்பது

டேக்-ஆஃப் ஆனதும் ஒரு என்ஜின் நின்றால் யோசிக்க நேரமில்லை. பயிற்சியில் சொன்னபடி அடையாளம் கண்டு, உறுதிசெய்து, ஃபெதர் செய்யுங்கள், அதாவது அதன் ப்ரொப்பெல்லர் இதழ்களைக் காற்றைத் தடுக்காதபடி திருப்பிவிடுங்கள். ஆனால் 9,000 அடியில் மட்டமாகப் போகும்போது ஒரு என்ஜின் திணறினால் நிமிடங்கள் இருக்கின்றன. அங்கேயும் அதே அவசரத்தோடு ஃபெதர் லீவரை இழுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மிக்ஸ்சர் (காற்று-எரிபொருள் கலவை லீவர்), பூஸ்ட் பம்ப் (துணை எரிபொருள் பம்ப்), செலக்டர். பெரும்பாலும் காரணம் அந்த மூன்றுக்குள்ளேயே கிடைக்கும். டேங்க் வறண்டு நின்ற என்ஜின், செலக்டரை மாற்றிப் பம்பைப் போட்டதும் உடனே பிடித்துக்கொள்ளாது. குழாயில் எரிபொருள் நிரம்பச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடியில் பதறி லீவரைத் திரும்பப் பழைய இடத்துக்கே தள்ளியவர்கள் உண்டு.

நேர்கோடு

கோவையிலிருந்து மைசூருக்குச் சார்ட்டில் நேராகக் கோடு போட்டால், அது கோத்தகிரிக்குக் கிழக்கே மலையின் விளிம்புக்கு மேலே போகும். தூரம் 75 நாட்டிகல் மைல் சொச்சம். மாணவர்கள் எல்லோரும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறார்கள். "ரெண்டு என்ஜின் இருக்கே சார்" என்கிறார்கள்.

ஒரு என்ஜினில் செமினோலின் சர்வீஸ் சீலிங் (ஏறக்கூடிய உயர வரம்பு) முழு எடையில் 3,800 அடி. அந்த உயரத்தில் நிமிடத்துக்கு 50 அடி ஏற முடியும், அவ்வளவுதான். தொட்டபெட்டா 8,652 அடி. கோத்தகிரியே ஏறக்குறைய 6,000 அடி. மலைக்கு மேல் ஒரு என்ஜின் போனால் இன்னொன்று உங்களை மெதுவாகக் கீழே கொண்டுவரும், மேலே தாங்கி நிறுத்தாது. டர்போ வைத்த விமானங்களின் கணக்கு வேறு, உங்கள் விமானத்தின் கையேட்டைப் பாருங்கள்.

சத்தியமங்கலம் வழியாக வளைத்துப் போனால் பத்து நாட்டிகல் மைல் கூடும். நாலைந்து நிமிடம், ஐந்தாறு லிட்டர். வான்வெளி அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், எரிபொருளைக் காரணம் காட்டி இதை மறுக்க முடியாது. மலையைத் தாண்டும் நேரத்தைக் குறைக்கச் செலவாகும் அந்த ஆறு லிட்டரைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் இன்னொன்றும் சேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மலைக்கு மேலாகவும் மேற்குக் காற்று பலமாக வரும். மலையின் கிழக்குப் பக்கத்தில் அது கீழ்நோக்கி அமுக்கும். ஒரே என்ஜினில் 3,800 அடியிலேயே நிமிடத்துக்கு 50 அடிதான் ஏறும் விமானம் அங்கே என்ன செய்யும்?

தேயிலைத் தோட்டத்தை மைதானம் என்று நினைப்பது

மாணவர்களைக் கொடநாடு காட்சிமுனைக்குக் கூட்டிப்போய் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன். இரண்டு என்ஜினும் நின்றுவிட்டன, எங்கே இறக்குவாய்? கை பெரும்பாலும் வழியில் பார்த்த தேயிலைத் தோட்டத்தைக் காட்டும். மேலிருந்து பார்த்தால் கவாத்து வெட்டிய தேயிலை பச்சை விரிப்பு மாதிரிதான் தெரியும். நடுநடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள் மேலிருந்து மெல்லிய புள்ளிகளாகத்தான் தெரியும், பக்கத்தில் வந்தால்தான் உயரம் புரியும். செடிக்குக் கீழே சரிவு. பள்ளத்தாக்குகளைத் தாண்டி உயர் அழுத்த மின்கம்பிகள் வேறு. கம்பி கண்ணில் படாது, கோபுரத்தைத் தேட வேண்டும். ஒரு பக்கம் கோபுரம் தெரிந்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று இருக்கிறது, நடுவே கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே காட்சிமுனையில் கிழக்கே பார்த்தால் கீழே மாயாறு, தெங்குமரஹாடாவின் வயல்கள், அதற்கப்பால் பவானிசாகர் நீர்ப்பரப்பு. தரை கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடிதான். ப்ரொப்பெல்லர்கள் ஃபெதரில், சக்கரங்கள் உள்ளே என்றால் இத்தகைய விமானம் இழந்த உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம் போகும். 9,500 அடியிலிருந்து காற்றில்லாத கணக்கில் பன்னிரண்டு நாட்டிகல் மைல். அமுக்கும் காற்றுக்குப் பாதியைக் கழித்துவிட்டாலும் தெங்குமரஹாடா எட்டும். மேற்கே திரும்பினால் தரைதான் உங்களை நோக்கி உயர்ந்து வரும். அதனால் மலைமேல் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் இறக்கம் எந்தப் பக்கம் என்பது மனதில் இருக்க வேண்டும்.

சரிவில்தான் இறக்கியாக வேண்டும் என்றால் மேல்நோக்கி இறக்குங்கள். ஃப்ளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளையும்) சக்கரத்தையும் முன்கூட்டியே இறக்கித் தூரத்தைத் தொலைக்காதீர்கள்.

கீழே மேகம் மூடியிருந்தால் இந்தத் தேர்வு எதுவும் கிடையாது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தை எங்கள் மலையில் யாரும் மறக்கவில்லை. எரிபொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் திசையுணர்வு தப்பியது என்று விசாரணை சொன்னது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த மலையின் மேகம் அப்படிச் செய்யும்.

லிட்டர், கேலன், கிலோ

மூன்றையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். ஒரு அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை மட்டும் பார்ப்பது

ஆவ்கேஸ் 100 எல்எல் நீலம். ஜெட் ஃப்யூல் கொஞ்சம் கலந்தாலும் நீலமாகவே தெரியும். பவுசரில் (எரிபொருள் லாரியில்) எழுதியிருப்பதையும் ரசீதையும் படியுங்கள்.

வாய் திறக்காமல் இருப்பது

பிஸ்டன் என்ஜினுக்குக் கடைசி இருப்பாக 45 நிமிட எரிபொருள் இருக்க வேண்டும். இனி எந்தத் தாமதமானாலும் அதைத் தொட வேண்டிவரும் என்றால் 'மினிமம் ஃப்யூல்' என்று சொல்ல வேண்டும். அது ஒரு தகவல்தான், முன்னுரிமை கிடைக்காது. அதைத் தொட்டுத்தான் இறங்கப் போகிறோம் என்று கணக்கு காட்டினால் மூன்று முறை 'மேடே', அப்புறம் 'ஃப்யூல்'. நம் பிள்ளைகள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பெரியவர்களைத் தொந்தரவு செய்கிறோமோ, இறங்கியதும் விளக்கம் கேட்பார்களோ என்ற தயக்கம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த அவியான்கா 52-இன் விமானிகள் எரிபொருள் தீர்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அவசரநிலை என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. 73 பேர் போனார்கள். விளக்கம் கேட்டால் எழுதிக் கொடுங்கள், தம்பி.

இறங்கிய பிறகு

டிப் ஸ்டிக் விட்டு இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளந்து, பறக்கும்போது எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். பத்து லிட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், அடுத்தவர் அந்த விமானத்தில் ஏறுவதற்கு முன் என்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள்.